உரிய சோடி

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: கண்டக்குழியில் கடலைப் பார்த்தபடி புதிதாகக் கட்டப்பட்டு, பச்சைச் சாயம் பூசப்பட்டு, வாசலின் இரு மருங்கிலும் சீமெந்தினாலான பேரீச்ச மரங்கள் நாட்டப்பட்டுள்ள இல்லமானது, அல்ஹாஜ் எஸ்.எல். செய்னுலாப்தீன், சமாதான நீதவான் (முழுத் தீவு) அவர்களால் நாற்றிசையும் காவல் செய்யப்பட்டுள்ளது. மனிதரல்லாத எந்தச் சீவனும் இன்று தொடக்கம் இவ்வில்லத்தில் குடியிருக்கவோ, நடமாடவோ, சீனிப் போத்தலைத் திறக்கவோ அதிகாரம் பெற்றதல்ல.

இந்த அறிவித்தல் மதிலில் ஒட்டப்பட்ட புதன்கிழமை பின்னேரம், அதே வீட்டுக்குள் மூன்று பேர் அகப்பட்டுக் கிடந்தார்கள். ஹாஜியாரின் மகள் இல்மா, ஜன்னல் பூட்ட வந்த றைஸா. மூன்றாவது ஆள், ஜின்.

வெளியே போ என்று சொல்லிவிட்டு வாசலைப் பூட்டுவது எல்லோருக்கும் வராது. அதற்கு ஒரு ஹாஜியார் வேண்டும்.

ஆவணங்களைக் கையொப்பமிட்டு உறுதிப்படுத்தும் சமாதான நீதவான்களில் இரண்டு வகை உண்டு. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் சமாதானத்தைக் காப்பவர்கள் ஒரு வகை. முழுத் தீவுக்கும் காப்பவர்கள் மறு வகை. செய்னுலாப்தீன் ஹாஜியார் இரண்டாம் வகை. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கூப்பிடாதவர்களுக்கு அவர் கழுத்தைத் திருப்பியதில்லை. றப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மையித்து அடக்கப் போனாலும் இருக்கும்.

அந்த வீடு இல்மாவுக்காகக் கட்டியது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால் முதலில் வீடு வரும், பிறகு வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை வருவார். பெண்ணைப் பார்ப்பதும் இடையில் எங்கோ நடக்கும். இல்மாவுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். வீட்டுக்கு ஒரு பெண் தேவைப்பட்டதால்தான் தன்னைப் பெற்றார்களோ என்று அவளுக்குச் சில நாட்களில் தோன்றும்.

அத்திவாரம் வெட்டும்போது ஒரு பழைய உடைமரத்தைத் தறித்தார்கள். அதில் நெடுங்காலம் குடியிருந்த ஜின் வேறு எங்கே போகும்? வீட்டுக்குக் கூரை போட்டதும் உள்ளே வந்து, பெரிய அறை அலுமாரியில் தங்கிக்கொண்டது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. பிளேன்டீ போட வைத்திருந்த சீனி மட்டும் குறைந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும்போது இது தெரிந்தால் மானம் போகும் என்று ஹாஜியார், ஓதிக் காவல் கட்டும் ஹாசிம் பாவாவைக் கூட்டிவந்தார்.

பாவா நான்கு கடதாசியில் ஏதோ எழுதி, நான்கு மூலையிலும் புதைக்கக் கொடுத்தார். அவரது காவல் அத்தோடு முடிந்தது. ஹாஜியாரால்தான் அத்தோடு விட முடியவில்லை. ஒரு கடதாசி கையில் கிடைத்தால் அதன் அடியில் தானும் ஒரு வாசகம் சேர்க்காமல் அவருக்குக் கை நிற்காது.

"ஹாஜியார், இதுல ஒண்டும் எழுதக் கூடாது" என்று பாவா தடுத்தார்.

"பாவா, கையொப்பமில்லாத கடதாசி கடதாசியா?" என்று ஹாஜியார் எழுதினார்: "உள்ளிருப்பது எதுவும் வெளியேறலாகாது. மணமகளும் அவளுக்கு உரிய சோடியும் கைகோர்த்து இவ்வாசலைத் தாண்டும் வரை இது செல்லுபடியாகும்."

வெளியேறக் கூடாது என்று அவர் நினைத்தது வீட்டின் பரக்கத்தை, இறையருளால் வரும் செழிப்பை. சோடி என்று எழுதியதற்கும் காரணம் இருந்தது. அன்று வரை புத்தளத்தில் ஒரு மாப்பிள்ளையும் குருநாகலில் ஒரு மாப்பிள்ளையும் பேச்சில் இருந்தார்கள். முடிவாகாத பெயரை ஆவணத்தில் போடுவது அவரது சட்டத்தில் இல்லை. ஆகவே "உரிய சோடி". நான்கு கடதாசியிலும் முத்திரை குத்திப் புதைத்து, மேலே சீமெந்து பூசிவிட்டு, மதிலில் அறிவித்தல் ஒட்டப் போனார்.

அந்த நேரத்தில்தான் இல்மா வெறும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலால் வெளியே வரப் பார்த்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் மூக்கு போய் எதிலோ நசுங்கியது. அங்கே வெறும் காற்றுத்தான் இருந்தது. கோப்பையைத் தூக்கி எறிந்து பார்த்தாள். அது திரும்பி வந்து காலடியில் உடைந்தது.

"றைஸா," என்றாள், "வெளிய போக ஏலாம இரிக்கி."

றைஸா உதட்டில் கவ்வியிருந்த திருகாணியைக் கையில் எடுத்தாள். தில்லையடியில் அவளது வாப்பாவுக்கு அலுமினியம் வேலைக் கடை. வாப்பாவுக்கு முதுகு பிடித்த பிறகு வெளி வேலைக்கு இருபது வயது மகள்தான் போகிறாள். கைவேலைக்காரரைப் பாஸ் என்று கூப்பிடுவது வழக்கம் என்பதால், கண்டக்குழியில் எல்லோரும் அவளைப் பாஸ் புள்ள என்பார்கள். அவள் வந்து வாசலில் தோளால் இடித்தாள். பிறகு துளைபோடும் மெசினைக் காற்றில் வைத்து அழுத்தினாள். அலகு வளைந்தது.

"வீணா அலக ஒடைக்காதீங்க" என்றது திரைச்சீலை.

கூடத்து ஜன்னலின் திரைச்சீலை ஒரு மனிதன் உள்ளே நிற்பது போலப் புடைத்திருந்தது. கீழே காலைக் காணவில்லை.

"பயப்படாதீங்க. பொம்புளப் புள்ளைகள் ரெண்டு பேர் இரிக்கிற எடத்தில நான் முன்னுக்கு வரமாட்டன். இதுக்குள்ள நிண்டே கதைக்கிறன். எனக்கும் வெளிய போக ஏலாது."

இல்மா றைஸாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில்தான் பிடித்தாள். பயம் போன பிறகும் விடவில்லை.

"பாவாட எழுத்தா உங்களக் கட்டிப் போட்டிரிக்கி?" என்று றைஸா கேட்டாள்.

"அந்த எழுத்தா? அதுல மூணு பிழை. அத மிதிச்சிட்டே போவன்" என்றது ஜின். "சீல் அடிச்சிட்டாரே, மகள். சுலைமான் நபி முத்திரை மோதிரத்தால எங்கள அடக்கின காலத்தில இருந்து எங்கட ஆக்களுக்கு முத்திரை எண்டாப் பயம். அதுலயும் பாருங்க, முழுத் தீவாம்."

பிறகு அந்த வாசகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது. உரிய சோடி என்ற இடத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டது. இல்மா உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். றைஸா வளைந்த அலகை நிமிர்த்தப் பார்த்தாள். வளைந்த அலகு நிமிராது என்று அவளுக்குத் தெரியாதா?

தெரிந்ததைச் சொல்லிவிடுவோம். அந்த வீட்டுக்கு ஒன்பது ஜன்னல். கை வேகமான ஒருவருக்கு நான்கு நாள் வேலை. றைஸாவின் கை வேகமானது. மூன்று கிழமையாகியும் வேலை முடியவில்லை. தினமும் நான்கு தரம் தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போக ஒவ்வொரு தரமும் முக்கால் மணித்தியாலம் எடுத்தாள்.

ஆகவே வாசலின் திறப்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே இருவருக்கும் விளங்கிவிட்டது. அதை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்க்கத்தான் ஒருத்திக்கும் துணிவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஹாஜியார் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. உள்ளே வருவதற்குத் தடையில்லை, போவதற்குத்தான் தடை என்பதை அவர் வீட்டுப் பூனையை விட்டுச் சோதித்திருந்தார். பூனை இப்போது குசினியில் இருந்தது.

"வாப்பா, இரத்து எண்டு எழுதி சீல் அடிச்சாப் போதுமாம்" என்றாள் இல்மா.

"ஆரு சொன்ன?"

"ஜின்."

"ஜின்னுக்குச் சட்டம் தெரியுமா?" ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்தினார். "மகள், இருபத்தாறு வருஷத்தில நான் ஒரு கடதாசியாவது இரத்துச் செஞ்சதா வரலாறு இல்ல. ஒண்ட இரத்துச் செஞ்சா ஆக்கள் மத்ததெல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. முழுத் தீவும் ஆட்டங்காணும். நாளைக்கு ஜும்மாவுக்குப் பொறகு மாப்புள வீட்டார் வாறாங்க. புத்தளம்தான் முடிவு. மாப்புள வந்து நிண்டா வாசல் தன்பாட்டில தொறக்கும். அந்த அகதிப் புள்ளைய ஒரு ஓரமா இரிக்கச் சொல்லு."

"நான் பொறந்தது தில்லையடியில, ஹாஜியார்" என்றாள் றைஸா உள்ளிருந்து.

"அகதியாத்தானே பொறந்த?"

மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு அவளது வாப்பா வந்தது தொண்ணூறில். அப்போது அவருக்குப் பத்து வயது. முப்பத்தைந்து வருஷம் கழிந்த பிறகும், அங்கே பிறக்காத மகளும் அகதியாகவே இருந்தாள். ஹாஜியாரிடம் எதுவும் காலாவதியாவதில்லை.

உம்மா அலீமா சாப்பாட்டுத் தட்டுகளை வாசற்படியில் வைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளே தள்ளிவிட்டார். தட்டுகள் உள்ளே வந்தன, திரும்பிப் போகவில்லை. வியாழன் பகலுக்குள் குசினியில் பதினோரு தட்டுச் சேர்ந்துவிட்டது. காற்று வெளியே மணலை வாரி அடித்தது. ஜன்னல்களோ றைஸா பூட்டியவை. ஒரு மணல் உள்ளே வரவில்லை, ஒரு மூச்சு வெளியே போகவில்லை.

"இவ்வளவு இறுக்கமாப் பூட்டினதுக்கு என்னயத்தான் ஏசணும்" என்று றைஸா தட்டுக் கழுவினாள். இல்மா துடைத்தாள். ஜின் குசினித் திரைக்கு இடம் மாறியிருந்தது. அதற்கு மூன்று கரண்டிச் சீனியோடு ஒரு தேத்தண்ணி. கோப்பை திரைக்குப் பின்னால் போய் வெறுமையாகத் திரும்பி வரும். பூனை றைஸாவின் கருவிப் பையில் படுத்துக்கொண்டது. வெளியே போக முடியாது என்ற ஒன்றை மட்டும் மறந்துவிட்டால், அதைப்போல ஒரு குடித்தனத்தை இல்மா அதற்கு முன் கண்டதில்லை. மறக்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு தட்டும் துடைத்து வைக்கும்போது வெள்ளிக்கிழமை ஒரு தட்டு அளவு கிட்ட வந்தது.

"இல்மா, ஒண்டு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தச் சோடி எண்ட சொல்லு..."

"செருப்புக்கும் சோடி எண்டுதான் சொல்ற" என்றாள் இல்மா அவசரமாக.

திரை இருமியது. "அந்த நாலாவது ஜன்னல நீங்க மூணு தரம் கழட்டிப் பூட்டினீங்க, பாஸ் புள்ள. நான் அலுமாரிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்த. செருப்புக்காகவா கழட்டினீங்க?"

றைஸாவின் காது சிவந்தது. இல்மா ஈரத் துணியைத் திரையில் எறிந்தாள்.

பிறகு றைஸா பைப்பை மூடினாள். "போய்ப் பாப்பமா? ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு. அவ்வளவுதானே."

"திறக்காட்டி?"

றைஸா மூடிய பைப்பை மறுபடியும் இறுக்கினாள். அவளும் அதையேதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. வாசல் திறந்தால், தான் யார் என்பது இல்மாவுக்கே சந்தேகமறத் தெரிந்துவிடும். அது ஒரு பயம். கையைக் கோர்த்துக்கொண்டு போய் இருவரது மூக்கும் ஒன்றாக நசுங்கினால்? மூன்று கிழமையும் வெறும் தேத்தண்ணிதான் என்று முத்திரை குத்தியது போலாகிவிடும். அது இன்னும் பெரிய பயம்.

"நாளைக்குப் பாப்பம்" என்றாள் இல்மா. நாளைக்கு என்ன நாள் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு இரண்டு வேனில் இருபத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை முஹ்ஸினுக்குப் புத்தளத்தில் இரும்புக் கடை. வேனிலிருந்து இறங்கும்போதும் ஃபோனில் கம்பி விலை கதைத்துக்கொண்டிருந்தார். அவரது உம்மா, சித்தி லெய்லா என்ற பெயருடையவர், முன்னால் வந்து, சீமெந்துப் பேரீச்ச மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

ஹாஜியார் வாசலில் நின்று ஏழு நிமிடம் உரையாற்றினார். வாசலின் விசேஷத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பி, இல்மாவோடு திரும்பி வரச் செய்வதுதான் அவரது திட்டம். ஆனால் "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்கு முன்னால் நடப்பது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். நடந்தார். உள்ளே போய்விட்டார். பின்னால் இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். கணவர் போவதைக் கண்டு அலீமாவும் தலையில் அடித்துக்கொண்டே வந்தார்.

முஹ்ஸினுக்குத்தான் முதலில் தெரிந்தது. சிக்னல் தேடி வெளியே போனவர் வாசலில் மல்லாந்து விழுந்தார். எழுந்து மறுபடி போனார். மறுபடி விழுந்தார். மூன்றாம் தரம் அவரது வாப்பாவின் தம்பிமார், சாச்சாமார் இருவர், முட்டுக்கொடுத்தார்கள். மூவரும் விழுந்தார்கள்.

சத்தம் அடங்கச் சிறிது நேரமாயிற்று. ஹாஜியார் ஒரு கதிரையில் ஏறி நின்று விளக்கம் கொடுத்தார். ஜின்னைப் பற்றிச் சுருக்கமாகவும் தன்னுடைய வாசகத்தைப் பற்றி விரிவாகவும் சொன்னார்.

"அப்ப மகனும் புள்ளையும் கையப் புடிச்சிக்கிட்டு வெளிய போனா எல்லாரும் போகலாம்" என்றார் சித்தி லெய்லா. "ஆனா நிக்காஹ் முடியாம எப்பிடிக் கையப் புடிக்கிற?"

"முடிச்சிருவம்" என்றார் ஹாஜியார். "இப்பவே. மௌலவி ஜன்னலுக்கு வெளிய நிண்டு ஓதட்டும். பதிவுகாரரும் புத்தகத்தோட அங்கயே நிக்கட்டும். வலி நான் இரிக்கிறன்."

"புள்ளைட கையெழுத்து?"

"அது என்னத்துக்கு? வலி போட்டாப் போதும்."

வலி என்பது பெண்ணின் பொறுப்பாளி. அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு ஒரு பொருளும் உண்டு. அது யாருக்கு என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

குசினியில் இருந்த இல்மாவுக்கு எல்லாம் கேட்டது. றைஸா இருபத்து மூன்று பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாஸ் புள்ள என்றால் அதுவும் செய்யலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மௌலவியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கூடத்தில் கதிரைகள் இழுபட்டன. சுவர்கள் ஒவ்வொன்றாகக் கிட்ட வருவது போல இல்மாவுக்கு இருந்தது.

"நீ போ" என்றாள் றைஸா, கோப்பையைப் பார்த்தபடியே. "பொறகு எல்லாரும் வெளிய போகலாம். சின்னப் புள்ளைகளும் இரிக்கிதுகள்."

"நீ?"

"எனக்கு எலுவன்குளத்தில ஒரு வீடு இரிக்கி. ஆறு ஜன்னல்."

"எத்தின நாள் வேல?"

றைஸா தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்தினாள். "மூணு நாள்" என்றாள். "மத்த வீடெல்லாம் எனக்கு மூணு நாள்தான்."

இல்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். வாப்பா மேல், முஹ்ஸினின் கம்பி விலை மேல், தன்னுடைய "நாளைக்குப் பாப்பம்" மேல். அவள் றைஸாவின் கையைப் பிடித்தாள். அலுமினியம் கிழித்த இரண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளங்கை சூடாக இருந்தது.

"திறக்காட்டி?" என்றாள் றைஸா இப்போது.

"திறக்காட்டி ரெண்டு பேரும் சேந்து விழுவம்."

கூடத்தின் நடுவால் நடந்தார்கள். ஆட்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஹாஜியார் ஜன்னல் வலையின் ஊடாகப் பதிவுகாரருக்குத் தன் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். "அடைப்புக்குறியையும் போடுங்க" என்பது கேட்டது.

"வாப்பா, நாங்க போறம்" என்றாள் இல்மா.

"பொறு மகள், முழுத் தீவு இன்னும் எழுதல்ல."

வாசலுக்கு முன்னால் இல்மாவின் கால் ஒரு கணம் நின்றது. றைஸாவின் விரல்கள் இறுகின. இல்மா கண்ணை மூடிக்கொண்டு மூக்கை முன்னால் நீட்டினாள். மூக்கில் பட்டது உப்புக் காற்று.

காலடியில் மணல் சுட்டது. நான்கு மூலையிலும் சீமெந்து வெடித்த சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. பின்னால் வீட்டுத் திரைச்சீலை ஒவ்வொன்றாகத் தளர்ந்து விழுந்தது. ஏதோ ஒன்று அவர்களைக் கடந்து, முகத்தைக் கவனமாக மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும், பரக்கத்தா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடலோரம் உடைமரம் தேடிப் போனது. இருபத்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள்.

உலகம் இப்போது நின்றுவிடும் என்று இல்மா காத்திருந்தாள். எல்லோரும் தங்களையே பார்ப்பார்கள், யாராவது கத்துவார்கள், வாப்பா மயங்கி விழுவார். கையை விடாமல் நின்றாள். ஒரு சாச்சா வந்து, "புள்ளைகள், கொஞ்சம் அங்கால நில்லுங்க, வேன் திருப்பணும்" என்றார்.

"வாசல் சரியில்லாத வீட்டுக்கு என்ட மகன் வரமாட்டான்" என்று சித்தி லெய்லா வேனில் ஏறினார். முஹ்ஸின் ஏற்கெனவே உள்ளே ஏறி ஃபோனில் இருந்தார். பதிவுகாரர் புத்தகத்தை மூடிக்கொண்டு, ஒரு பக்கம் பழுதாகிவிட்டதே என்று கவலைப்பட்டார்.

அலீமா வந்தார். இரண்டு பேரின் கையையும் பார்த்தார். "கூட்டாளிமார் ரெண்டு பேரும் வெயில்ல நிக்காம வந்து சாப்பிடுங்க."

இல்மா ஒரு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உம்மா, நாங்க கூட்டாளி இல்ல."

"ஓம் ஓம். சண்டையச் சாப்பிட்டுட்டுப் புடிங்க. வாங்க."

றைஸாவுக்குச் சிரிப்பு வந்தது. இல்மாவுக்கு அதற்குப் பிறகு வந்தது. இரண்டு பேரும் கையை விடாமலே சாப்பிடப் போனார்கள்.

நடந்தது என்ன என்பதைப் பற்றி ஊரில் இரண்டு நாள் கதை நடந்தது. ஹாஜியார் தலைமையில் ஒரு விசாரணையும் வைத்தார்கள்.

கதவின் பிணைச்சலில் கோளாறு என்று முடிவாயிற்று.